டேபஸ்ட்ரியில் ஃபீல்டுக்கு ஆரம்ப மதிப்பு கொடுக்கும் இடம்

போன வாரம் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி இரண்டு பிரவுசரைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, குரோமில் மூணு பொருளைக் கூடையில் போட்டேன். ஃபயர்ஃபாக்ஸில் லாகின்கூட பண்ணலை, அங்கேயும் அதே மூணு இருக்கு." எனக்கு வயிற்றைக் கலக்கியது. லைவில் போயிருந்தால் ஒருவர் வாங்குவது முன்பின் தெரியாத இன்னொருவர் திரையில் வந்திருக்கும்.

கோடைத் திறந்தால், கூடைக்கான ஃபீல்டை (கிளாஸுக்குள் இருக்கும் வேரியபிளை) அறிவித்த அதே வரியில், காலி லிஸ்ட்டை உருவாக்கும் நியூ அரேலிஸ்ட் என்று எழுதியிருந்தான். ஜாவா படித்த எல்லாரும் கைப்பழக்கமாக எழுதுகிற வரிதான், அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் பயன்படுத்தும் ஜாவா வெப் ஃபிரேம்வொர்க்கான அப்பாச்சி டேபஸ்ட்ரியில் பேஜ் ஆப்ஜெக்ட் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதிதாகப் பிறப்பதில்லை. 5.2 பதிப்பிலிருந்து ஒரு பக்கத்துக்கு, மொழிக்கு ஒன்றாக, ஒரே ஆப்ஜெக்ட்தான். எல்லாப் பயனர்களுக்கும் அதுவே வேலை செய்கிறது. ரிக்வெஸ்ட் முடிந்ததும் ஃபீல்டு தன் ஆரம்ப மதிப்புக்குத் திரும்பும், ஆனால் அந்த ஆரம்ப மதிப்பே நாம் பொருளைப் போட்டு நிரப்பிய லிஸ்ட் என்னும்போது எதுவும் அழியாது. கொடுமை என்னவென்றால், பெர்சிஸ்ட் அனோட்டேஷன் (ஃபீல்டின் மதிப்பை, ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் தனியாக வைக்கும் செஷனில் சேமிக்கச் சொல்லும் குறிப்பு) போடாமலே கூடை நினைவில் நிற்பதால், ஒரே பிரவுசரில் டெஸ்ட் பண்ணுகிறவருக்கு எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலவே தெரியும்.

சரி, பெர்சிஸ்ட் போட்டால் தீர்ந்ததா? அப்போதும் அறிவிக்கும் வரியிலோ கன்ஸ்ட்ரக்டரிலோ மதிப்பு கொடுக்கக் கூடாது என்று டாக்குமென்டேஷனே சொல்கிறது. ஃபீல்டில் எதுவும் இல்லாமல் நல் (null) என்று இருந்தால், பக்கத்தை ரெண்டர் பண்ணத் தொடங்கும்போது ஓடும் செட்டப்ரெண்டர் மெத்தடில் உருவாக்கிக்கொள் என்பார்கள். அதிலும் ஒரு சிக்கல்: ஃபார்ம் சப்மிட் ஆகி வரும் ரிக்வெஸ்ட்டில் செட்டப்ரெண்டர் ஓடாது. பயனர் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய், செஷன் காலாவதியான பிறகு வந்து பட்டனை அழுத்தினால் நேராக நல்பாயின்டர் எக்செப்ஷன் என்ற பிழைதான். ஃபார்முக்கு வேண்டியதை ஆன்பிரிப்பேர் மெத்தடில் செய்யுங்கள், அது ரெண்டர், சப்மிட் இரண்டிலும் ஓடும்.

நான் இதில் இன்னும் கறார். காலிக் கூடையைக் காட்ட செஷன் எதற்கு? கூகுள் தேடலுக்காகப் பக்கங்களைப் படிக்கும் கூகுள்பாட் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால்கூட ஒரு லிஸ்ட்டை உருவாக்கி செஷனில் வைத்தால், டாம்கேட் சர்வரில் நாம் எதையும் மாற்றாதவரை அது 30 நிமிடம் மெமரியில் உட்கார்ந்திருக்கும். நல் என்றால் டெம்ப்ளேட்டிலேயே கூடை காலி என்று காட்டிவிடுங்கள். முதல் பொருளைச் சேர்க்கிற மெத்தடில் லிஸ்ட்டை உருவாக்கினால் போதும்.

தம்பியிடம் அப்படித்தான் மாற்றச் சொன்னேன். அப்புறம் மறுபடி இரண்டு பிரவுசரையும் திறந்தோம். குரோமில் மூன்று பொருள், ஃபயர்ஃபாக்ஸில் காலிக் கூடை.