ஈடுகட்டப் போய்

புகுமுக வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவர்களைக் கோலாலம்பூர் அலுவலகங்களில் என்னால் எளிதில் அடையாளம் கண்டுகொள்ள முடியும்: கேட்டதற்கு மேல் விளக்கம் தருபவர்கள் அவர்கள்தாம். வெளிநாட்டு நண்பர்களுக்காக ஒரு வரி: தமிழ், சீனப் பள்ளிகளில் ஆறாம் ஆண்டை முடித்தும் மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாத பிள்ளைகள், முதலாம் படிவத்துக்குப் போகுமுன் இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு இருந்து மொழியைப் பழகும் வகுப்பு அது. கூடப் படித்தவர்கள் ஒரு படி மேலே போய்விட, இவர்கள் ஓராண்டு பிந்தி, ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வை எழுதுவார்கள். அந்த ஓராண்டுக் கடனை நாற்பது வயதிலும் அடைத்துக்கொண்டிருப்பவர்களை நான் அறிவேன்.

எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, கணக்கியல் படித்து வந்தவர். வேலையில் யாருக்கும் சளைத்தவரல்லர். அண்மையில் வாடிக்கையாளர் ஒருவர் மின்னஞ்சலில் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: விலைப்பட்டியல் எப்போது வரும்? வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தால் முடிந்தது. அவரோ நான்கு பத்தி எழுதினார். முதல் பத்தியில் தாமதத்துக்கு மன்னிப்பு (தாமதம் என்று ஒன்று நேரவே இல்லை). இரண்டாவதில் விலைப்பட்டியல் தயாராகும் முறை. மூன்றாவதன் கடைசி வரியில்தான் வெள்ளிக்கிழமை தலைகாட்டியது. அனுப்புவதற்கு முன் முழுவதையும் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார். ஆங்கிலச் சொல் ஒன்றை மாற்றினார், பிறகு பழையதையே திரும்ப வைத்தார். வாடிக்கையாளரிடமிருந்து வந்த பதில், ‘அப்படியென்றால் வெள்ளிதானே?’

அடுத்த மேசைக்காரர் பங்சாரில், ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்தவர். அவர் எழுத்துப்பிழையோடு ஒன்றரை வரி அனுப்புவார். பாவம், அவசரத்தில் எழுதியிருக்கிறார் என்று படிப்பவர்கள் விட்டுவிடுவார்கள். அதே பிழை தன் கடிதத்தில் வந்தால் தன் பள்ளியையும் தோட்டத்தையும் சேர்த்துப் பேசுவார்கள் என்று நம்மவர் நம்புகிறார். அது வெறும் பிரமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரெட் ஆட்லர், பலவீனமான உறுப்பை ஈடுகட்ட உடலும் மனமும் எப்படி முனைகின்றன என்பதை 1907-இல் ஓர் ஆய்வாக வெளியிட்டார். சிறுவயதில் ரிக்கெட்ஸ் நோயால் அவதிப்பட்டவர் என்பதால், அவருக்கு அது ஏட்டறிவு மட்டுமல்ல. இந்தப் பேச்சு வந்தாலே, நாக்குத் திருந்த வாயில் கூழாங்கற்களை இட்டுப் பேசிப் பழகியதாகச் சொல்லப்படும் கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தெனிஸை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அவர் கல்லை வாயில்தான் போட்டுக்கொண்டார்; குறை எங்கே இருந்ததோ அங்கேயே உழைத்தார். விக்லண்ட், கோல்விட்சர் என்னும் இரண்டு உளவியலாளர்கள் 1982-இல் முன்வைத்த கோட்பாடு இதற்கு மறுபக்கம்: தான் ஆக விரும்பும் ஒன்றில் தனக்குப் போதாமை இருப்பதாக உணர்பவர், அதன் வெளி அடையாளங்களை மேலும் மேலும் தேடிச் சேர்த்துக்கொள்கிறார். நம் சமூகத்தில் நான் மிகுதியாகப் பார்ப்பது இந்த இரண்டாவது வகையைத்தான்.

தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தநாளே கொண்டாடாமல் வளர்ந்த தகப்பன், தன் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குச் செந்தூலில் மண்டபம் எடுக்கிறார். பலூன் வளைவு, மூன்றடுக்கு கேக், படம் பிடிக்க இருவர், வாசலில் குழந்தையின் ஆளுயரப் படம். கேக் வெட்டும் நேரத்தில் குழந்தை அழுது அழுது தூங்கிவிட்டது. அதைத் தட்டி எழுப்பிப் படம் எடுத்தார்கள். விருந்தினரோ கார் நிறுத்த இடம் கிடைக்காத கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செலவுக்குத் தனிநபர் கடன். இப்படிக் கடனில் திணறுபவர்களுக்கு ஆலோசனை சொல்லவே மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் ஏ.கே.பி.கே. என்ற அமைப்பைத் தொடங்கியது. ஆனால் அங்கே போவதையும் மானக்கேடாகக் கருதி, அதை மறைக்க இன்னொரு செலவு செய்பவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ் சரியாக வராத நகரத்துப் பிள்ளைகள் திருமண மேடையில் திடீரென்று செந்தமிழில் முழங்குவதும் இதே கணக்குதான். அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தப் பழக்கம் ஏன் விடுவதில்லை என்று யோசித்தால், இதனால் ஆதாயம் காண்பவர்கள் எல்லாரும் பக்கத்திலேயே இருப்பது தெரியும். மண்டபக்காரருக்கு வருமானம், வங்கிக்கு வட்டி. தன்னைத் தகுதி குறைந்தவராக நினைத்து இரவு ஒன்பது மணிவரை உட்காரும் ஊழியரை விடச் சல்லிசான ஆள் மேலாளருக்கு எங்கே கிடைப்பார்? போதும் தம்பி, எழுந்து வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல அவருக்கு என்ன அவசியம் வந்தது? அந்த உழைப்பால்தானே நாம் முன்னுக்கு வந்தோம் என்று என் பெரியப்பா கேட்பார். உண்மைதான்; மலாயும் ஆங்கிலமும் படித்துத் தேர்ந்த உழைப்பை நான் வணங்குகிறேன். தேர்ந்த பிறகும் தொடரும் அந்த நான்காவது பத்தியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஆகவே, மேலாளர் நாற்காலியில் இருக்கும் நம்மவர்களுக்கு என் வேண்டுகோள் இது: புதிதாக வரும் பிள்ளையின் மின்னஞ்சலில் இல்லாத தாமதத்துக்கு மன்னிப்பு இருந்தால், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தப் பத்தியை அவர் கையாலேயே அழிக்கச் சொல்லுங்கள். பொறுப்பான பையன் என்று பாராட்டிவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள்.