எல்லாவற்றையும் ட்ரெண்ட் என்று சொல்லாதீர்கள்

துணிக்கடையில் "இப்ப இதுதாங்க ட்ரெண்ட்" என்று ஒரு புடவையை விரித்துக் காட்டினால் அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்தச் சொல்லுக்கு அதுதான் இடம். துபாய் குனாஃபா சாக்லேட், 2025 மார்ச் கடைசியில் எல்லாரும் தங்கள் குடும்பப் படத்தை ஜிப்லி என்ற ஜப்பானியக் கார்ட்டூன் பாணியில் மாற்றிப் போட்டது, ரீல்ஸில் ஒரே பாட்டுக்கு ஊரே ஆடுவது, இதெல்லாம் வரும், போகும். போனால் யாருக்கும் நஷ்டமில்லை.

தண்ணீருக்கும் சாவுக்கும் அதே சொல்லை எடுத்துப் போடுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "அது அப்ப ட்ரெண்டா இருந்துச்சு, இப்ப யார் பேசுறாங்க?" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. பிரச்சினை தீர்ந்ததா, யாருக்காவது நியாயம் கிடைத்ததா என்று அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

2019ஐ நினைத்துப் பாருங்கள். மே கடைசியில் நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்தோம். இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று முகநூலில் ஒரு பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டது. நம்மாள் ஒருவர், இது சுத்தியல், இது தலையில் விழுந்துதான் பெயிண்டர் நேசமணிக்கு அடிபட்டது என்று பதில் எழுதினார். 2001இல் வந்த ஃப்ரெண்ட்ஸ் படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம் அது. ஒரு நாளுக்குள் உலக அளவில் ட்ரெண்ட் ஆனது. நானும் சிரித்தேன். அழகான கூட்டு விளையாட்டு அது, அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

அடுத்த மாதமே சென்னைக்குத் தண்ணீர் இல்லை. செம்பரம்பாக்கம், பூண்டி, புழல், சோழவரம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. குடங்கள் வரிசையில் நின்றன. லியனார்டோ டிகாப்ரியோ வரைக்கும் சென்னையைப் பற்றிப் பதிவு போட்டார். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதுவும் ட்ரெண்ட் ஆனது. அப்புறம் மழை வந்தது, பேச்சு நின்றது. நேசமணியும் சென்னைத் தண்ணீரும் நம் வாயில் "2019 ட்ரெண்ட்" என்று ஒரே வரிசையில் நிற்கின்றன. இதை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

ட்விட்டரில் வரும் ட்ரெண்டிங் பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2010இல், விக்கிலீக்ஸ் பற்றி இத்தனை பேர் பேசியும் ஏன் பட்டியலில் வரவில்லை என்று பலர் கேட்டபோது ட்விட்டர் நிறுவனமே விளக்கம் கொடுத்தது. மொத்தம் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதைவிட, பேச்சு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதுதான் அவர்கள் கணக்கு. அப்படியானால் தினமும் ஒரே அளவில் பேசப்படும் விஷயம் மேலே வரவே வராது. திடீரென்று பொங்குவதுதான் வரும். நிலத்தடி நீர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். சாக்கடைக் குழியில் இறங்கி ஆட்கள் சாவது வருடா வருடம் நடப்பது. இவற்றுக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எது முக்கியம், எது பழசு என்று நாம் முடிவு செய்வது எவ்வளவு பெரிய தவறு!

2020 ஜூனில் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடையை மூடவில்லை என்று சொல்லி போலீஸ் பிடித்துவைத்த தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடுத்தடுத்து இறந்தார்கள். நாடு முழுக்க அந்தப் பெயர்களை எழுதினோம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, போலீஸ்காரர்கள் கைதானார்கள், விசாரணை சிபிஐ கைக்குப் போனது. இதில் நாம் எழுப்பிய சத்தத்துக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன். ஆனால் அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னாரே, அந்தத் துணிச்சலை எந்த ஹேஷ்டேகிலும் அடைக்க முடியாது. அதற்குப் பிறகு மதுரை நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை வருடக்கணக்கில் நடந்தது. அந்த வருடங்களில் அந்தக் குடும்பம் ஒவ்வொரு வாய்தாவையும் எண்ணிக்கொண்டிருந்திருக்கும். அவர்களிடம் போய் "அது அப்ப ட்ரெண்ட்" என்று சொல்ல முடியுமா?

ட்ரெண்ட் ஆனால்தானே அரசு திரும்பிப் பார்க்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஜல்லிக்கட்டை உதாரணமாகச் சொல்வார்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியபோது "இது ரெண்டு நாள் ட்ரெண்ட், கலைஞ்சுடும்" என்று பேசியவர்களும் இருந்தார்கள். கலையவில்லை. இரவும் பகலும் கடற்கரையிலேயே உட்கார்ந்தார்கள், ஒரு வாரத்துக்குள் அவசரச் சட்டமும் வந்தது, சட்ட மசோதாவும் நிறைவேறியது. ஆனால் உச்ச நீதிமன்றம் தடை போட்டது 2014 மே மாதம். அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது 2023 மே மாதம். நடுவில் ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடமும் காளையை வளர்த்தவர்கள், வழக்கைச் சுமந்தவர்கள் யாரும் ட்ரெண்டில் இல்லை. சத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சத்தம் அடங்கிய பிறகு வேலை செய்கிறவர்களை அந்த ஒரு சொல் மறைத்துவிடுகிறது என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எச்சரிக்கையாக இந்தச் சொல் தேவைப்பட்ட இடத்தில் நாம் அதைச் சொல்லவில்லை. கொங்குப் பகுதியில் ஈமு கோழி வந்தபோது அதற்கு "தொழில் வாய்ப்பு" என்று பெயர். பணத்தைக் கட்டினால் குஞ்சு, கொட்டகை, மாதாமாதம் பராமரிப்புத் தொகை என்றார்கள். 2012இல் எல்லாம் சரிந்தது. சேமிப்பைக் கொட்டியவர்கள் பணத்துக்காக அலைந்தார்கள், பறவைகள் தீனியில்லாமல் கிடந்தன. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடும் கேழ்வரகுக் களிக்கோ, 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் "மில்லட் ட்ரெண்ட்" என்று பெயர் வைத்தோம். அதை விதைக்கிற மனிதருக்கு அடுத்த வருடமும் அந்த நிலம்தான், அந்தப் பயிர்தான்.

செய்தித் தளங்களில் வேலை பார்க்கும் நண்பர்கள் என் நட்புப் பட்டியலில் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். லாக்கப் மரணத்தையும் பட்டாசு ஆலை வெடிவிபத்தையும் "ட்ரெண்டிங்" என்ற தலைப்பின் கீழ் போடாதீர்கள். மாவட்டத்தின் பெயரில் போடுங்கள். ஆறு மாதம் கழித்து, அந்த வழக்கு என்ன ஆனது என்று ஒரு செய்தி எழுதுங்கள். அதை எத்தனை பேர் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் கட்டாயம் பகிர்வேன்.