மினிக்காயை ஒரு மத்தியானத்துல அளந்து முடிச்ச அண்ணாச்சிக்கு

ஊர் சுத்தி வீடியோ போடுற அண்ணாச்சி ஒருத்தரோட அந்த வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. நான் மறுபடி ஷேர் பண்ணப் போறதில்ல. கப்பல்ல இருந்து லட்சத்தீவுல இருக்கிற மினிக்காய்ல இறங்கி, ரெண்டு தெருவைச் சுத்திட்டு, "பாவம், வெளியுலகமே தெரியாத ஜனங்க"ன்னு கேமராவைப் பாத்து உச்சுக் கொட்டினாரே, அதுதான். பின்னாடி திண்ணையில ஒரு பெரியவர் உக்காந்திருந்தார். அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலை.

பேசியிருக்கலாம். அந்தத் தீவு ஆம்பளைங்க வெள்ளைக்காரன் காலத்துல இருந்தே சரக்குக் கப்பல்ல உலகம் சுத்துறவங்க. அவங்க கடல்ல இருக்கும்போது ஊரைப் பாத்துக்கிட்டது பொம்பளைங்க. தீவுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் ஆண் தலைவரோட ஒரு பெண் தலைவியும் உண்டு, போடுதாத்தான்னு சொல்வாங்க. அண்ணாச்சி 'செல்ஃபி ஸ்பாட்'னு காட்டின கலங்கரை விளக்கம் 1885ல கட்டினது. சூயஸ் பக்கம் இருந்து கொழும்பு போற கப்பலெல்லாம் அந்த வழியா போனதாலதான் அங்க விளக்கு வேண்டியிருந்துச்சு. உலகமே வாசல் வழியா போன ஊரு. அவங்களுக்கு வெளியுலகம் தெரியாதாம்!

"டூரிசம் வந்தா அவங்களுக்குத்தானே வருமானம்?" வரட்டும், யாரு வேண்டாம்னா. பணம் கொடுத்தவன் என்ன வேணா பேசலாம்னு தீவுக்குப் போக வாங்குற அனுமதிச் சீட்டுல எழுதியிருக்கா?

"கருவாட்டு நாத்தம் தாங்கல"ன்னு ஒரு சிரிப்பு வேற. அய்யா, அது மாசி. வலை போடாம, குட்டி மீனை உயிரோட கடல்ல வீசி, கூடி வர்ற சூரை மீனைக் கம்புத் தூண்டில்ல ஒவ்வொண்ணா தூக்கி, அவிச்சு, புகை போட்டு, வெயில்ல காய வச்சது. எங்கம்மா மாசியை இடிச்சு சம்பல் வச்சா தட்டுல ஒரு பருக்கை மிஞ்சாது.

"ஒரு வீடியோவுக்கு நீ ஏன் இப்படி துள்ளுற?"ன்னு இன்பாக்ஸ்ல கேட்ட நண்பருக்கு: நான் குமரி மாவட்டக் கடற்கரையில நீரோடிக்காரன். ஊரைத் தாண்டினா பொழியூர், கேரளம். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்போ எங்க மாமா கொச்சியில இருந்து சுறாவுக்குப் போன போட்டுல இருந்தார். காணாமப் போனவங்க எத்தனை பேருன்னு டிவில ஆளாளுக்கு ஒரு கணக்கு சொன்னாங்க. அத்தை சோறு பொங்கலை. கடைசியில போன் வந்தது லட்சத்தீவுல இன்னொரு தீவான கல்பேனில இருந்து. அந்தத் தீவுக்காரங்க தென்னையும்தான் விழுந்து கிடந்துச்சு. அதுக்கு நடுவுல எங்க ஆளுங்களுக்குக் கஞ்சி, கைலி, படுக்க இடம். யாரு என்னன்னு ஒருத்தரும் கேக்கலையாம்.

உடனே ஒருத்தர் வருவார், "அது கல்பேனி, இது மினிக்காய்"னு. தெரியும். அங்க பேசுற மொழி ஜெசரி, மினிக்காய்ல மஹல். கோவம் என்ன தீவு பாத்தா வரும்?

"வெள்ளந்தியா சொல்லிட்டார்"ங்கிறீங்க. இந்த வெள்ளந்தியை நாங்களும் வாங்கியிருக்கோம். ஆழ்கடல்ல நாள்கணக்கா கிடந்து குஜராத் வரைக்கும் போய் வர்றவனைப் பாத்து, "கடப்புறத்துக்காரனுக்கு என்ன தெரியும்"னு சொல்ற அதே வாய். புயலுக்கு அப்புறம் எங்க வீட்டு அழுகையையும் இப்படித்தான் கேமராவோட வந்து பிடிச்சுட்டுப் போனாங்க. அன்னைக்கும் "பாவம்"தான். அந்தப் பாவம் எங்களுக்கும் வேண்டாம், மினிக்காய்க்காரனுக்கும் வேண்டாம்.

அண்ணாச்சியோட அடுத்த வீடியோ எங்க கரையிலயாம், போட்டிருக்கார். வரட்டும். ஏலம் விடியக்காலமே தொடங்கிரும். மீன் விக்கிற அக்காமார் முன்னாடி மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கட்டும், மீதியை அவங்க பாத்துப்பாங்க.