குழாய் நீரில் குளோரின் வாடை: விஷமா?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: "பைப் தண்ணீரில் பிளீச் வாடை வந்தால் அது விஷம். மலையிலிருந்து வரும் ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு, அதையே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்."

இது தவறு, ஆபத்தும்கூட.

உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் அனுமதிக்கும் குளோரின் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை. 0.3 மில்லிகிராம் இருந்தாலே சிலருக்கு வாடை தெரிந்துவிடும். ஆக, வாடை வருவதால் மட்டும் அளவு மீறியதாகாது. பிடிக்கவில்லையா? கொதிக்க வைத்து ஆறவிடுங்கள், பெரும்பாலும் போய்விடும். ஆறும்போது மெல்லிய துணியால் மூடுங்கள்.

ஓடைக்கு வருவோம். குடிநீருக்கான விதி, 100 மில்லிலிட்டரில், மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது. அது கண்ணுக்குத் தெரியாது. தெளிவை வைத்து எப்படிச் சொல்வது? செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. மழை பெய்தால் எலியின் சிறுநீர் ஓடையில்தான் கலக்கும். அதில் இறங்கும்போது காலில் சின்ன கீறல் இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் (லெப்டோஸ்பைரோசிஸ்) கிருமி உள்ளே போய்விடும். 2010-இல் பகாங், லுபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களில் 8 பேர் தொற்றுநோயால் இறந்தார்கள். தேடப் போனவர்களைத் தாக்கியவை மெலியாய்டோசிஸும் (மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் நோய்) எலிக்காய்ச்சலும்.

ஓடையில் குளித்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் உடனே கிளினிக் போங்கள். குளித்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.