பனிக்குப் பனியன்

(உத்தரகாண்ட், சாங்க்ரி கிராமம். ஜனவரி. விடிந்தால் கேதார்காந்தா பனிச்சிகர ஏற்றம். லாட்ஜ் அறையில் மாமாவின் பையைக் குமார் பிரித்துக் கொட்டுகிறான்.)

குமார்: எதுக்கு மாமா எட்டு பனியன்?

மாமா: பனிக்குப் போடறதுனாலதான மாப்ள அதுக்குப் பேரே பனியன்!

குமார்: பருத்தி மாமா இது. ஏத்தத்துல வேர்க்கும். பருத்தி அதைக் குடிச்சுட்டு லேசுல காயாது. அப்புறம் காத்து அடிச்சா, ஈரத்துணியோட ஃப்ரிட்ஜுக்குள்ள நிக்கற மாதிரி. உள்ள பாலியஸ்டர் தெர்மல், மேல மெத்துன்னு ஃப்ளீஸ் சட்டை, அதுக்கு மேல காத்துப் புகாத ஜாக்கெட். அவ்வளவுதான்.

மாமா: மூணையும் இப்பவே மாட்டிட்டுப் படுத்தா காலைல வேலை மிச்சம்.

குமார்: கிளம்பறப்ப லேசா குளிரணும் மாமா. பத்து நிமிஷம் நடந்தா சூடேறிடும். மூணையும் போட்டு ஏறினா வேர்த்து நனைஞ்சு, நின்ன இடத்துல நடுங்குவீங்க.

மாமா: வெள்ளியங்கிரி ஏழு மலையும் வெறுங்கால்ல ஏறினவன்கிட்டப் பேசற!

குமார்: இங்க வெறுங்கால்ல ஏறினா விரலைக் காணிக்கையா விட்டுட்டுத்தான் இறங்கணும். ஒண்ணு மேல ஒண்ணா மூணு சாக்ஸும் வேண்டாம். ஷூ இறுகி ரத்தம் ஓடாம விரல் மரத்துடும். கம்பளி சாக்ஸ் ஒண்ணு போதும்.

மாமா: போன்ல வெறும் மைனஸ் 10தான காட்டுது?

குமார்: 40 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சா தோலுக்கு அது மைனஸ் 21.

மாமா: மிச்சம் 11 எங்கிருந்து வந்துச்சு? ஜிஎஸ்டியா?

குமார்: உடம்பைச் சுத்தி மெல்லிசா ஒரு சூடு நிக்கும். காத்து அதை உருவிட்டுப் போயிடும்.

மாமா: அப்ப ஜிஎஸ்டியேதான்.

(குமார் ரப்பர் வளையத்தில் கோத்த இரும்புப் பற்களை நீட்டுகிறான்.)

மாமா: நாய்ச் சங்கிலியா?

குமார்: மைக்ரோஸ்பைக். ஐஸ்ல வழுக்காம இருக்க ஷூ மேல மாட்டறது. ஷூ முனையை முதல்ல நுழைச்சு, ரப்பரைக் குதிகால் பக்கம் இழுத்து மாட்டுங்க. இங்கயே நாலு தடவை பழகிக்கங்க. வழுக்கற சரிவுல நின்னுக்கிட்டு, விரல் விறைச்சப்புறம் மாட்ட வராது. நடக்கறப்பப் பாதம் முழுசாப் பதியணும், எல்லாப் பல்லும் ஐஸைக் கடிக்கணும். ஈரப்பனி அடியில உருண்டையா ஒட்டினா குச்சியால தட்டி விடுங்க, இல்லைன்னா பல் இருந்தும் கடிக்காது.

மாமா: என் பல்செட் மாதிரி.

குமார்: இறங்கறப்பதான் கவனம். பயந்து பின்னால சாஞ்சா கால் முன்னால ஓடிடும். முழங்காலை லேசா மடக்கி, சின்னச் சின்ன அடியா வையுங்க.

மாமா: என் தண்ணி பாட்டிலை ஏன் கவுத்து வெச்சிருக்க?

குமார்: தண்ணி மேலிருந்துதான் உறையும். கவுத்து வெச்சா மூடிப் பக்கம் கடைசியாத்தான் உறையும், திறந்து குடிக்கலாம். போனையும் உள்சட்டைப் பையில வெச்சுக்கங்க, குளிர்ல பேட்டரி படுத்துடும். இந்த டப்பா என்ன?

மாமா: உங்கக்கா குடுத்த தேங்காய் எண்ணெய். டெல்லிலயே கல்லாயிடுச்சு.

குமார்: கடைசியா ஒண்ணு. நடை தள்ளாடினாலோ, ஜிப் போட வராமப் போனாலோ, சம்பந்தமில்லாம உளறினாலோ உடம்புச் சூடு இறங்குதுன்னு அர்த்தம். உடனே உங்களைக் கீழ கூட்டிட்டு வந்துடுவேன்.

மாமா: உளறினாவா? அப்ப நான் இந்த ரூமையே தாண்ட முடியாதே மாப்ள!

குமார்: அதான் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டு வெச்சிருக்கேன், எவ்வளவு வரைக்கும் நார்மல்னு.