நிழலில் வளர்ந்த காபியும் வெயிலில் வளர்ந்த கொழுப்பும்

என் காபிப் பதிவைக் கேலி செய்த அந்தத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எந்தெந்தக் குழுக்களில் சுற்றியது என்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால், அதை இங்கே இன்னொரு முறை ஒட்டப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போட்ட ஒரு காபிப் பொட்டலத்தின் படமும், "மர நிழலில் விளைந்தது, ரசாயன உரம் படாதது, விளைவித்தவருக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கியது" என்ற ஒற்றை வரியும் இத்தனை பேருக்குப் பொழுதுபோக்காக அமையும் என்று தெரிந்திருந்தால், படத்தை இன்னும் கொஞ்சம் நல்ல வெளிச்சத்தில் எடுத்திருப்பேன். "நிழலில் வளர்ந்த காபியாம், வெயிலில் வளர்ந்த கொழுப்பாம்" என்று எழுதிய நண்பருக்கு வாக்கியம் நன்றாகவே அமைந்திருந்தது; ஆகவே தலைப்பாக அதையே எடுத்துக்கொண்டேன். அதன் கீழே விழுந்த சிரிப்புக் குறிகளில் என் உறவினர்கள் சிலருடையதும் இருந்ததை நான் கவனிக்கவில்லை என்று மட்டும் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காபிக்கு நான் கூடுதல் விலை கொடுக்கவில்லை. அதன் விலையே அதுதான். அதைவிடப் பாதி விலைக்கு ஒரு காபி கிடைக்கிறதென்றால், மீதிப் பாதியை மலையில் இருக்கும் யாரோ ஒருவர், அல்லது வெட்டப்பட்ட ஏதோ ஒரு மரம், நமக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

"இந்தியாவில் காபி என்றாலே நிழலில்தானே வளர்கிறது, இதில் என்ன பெருமை?" என்று கேட்டவர் விவரம் தெரிந்தவர். உண்மைதான். பிரேசிலில் பெரும்பாலான தோட்டங்கள் திறந்த வெயிலில், இயந்திரம் ஓட்டிப் பழம் உதிர்க்க வசதியாக, வரிசை கட்டி நிற்கின்றன. அந்த நாட்டில் 1970இல் காபி இலைகளைத் தாக்கும் இலைத்துரு என்ற பூஞ்சை நோய் தென்பட்ட பிறகு, அதற்கு அஞ்சி, லத்தீன் அமெரிக்காவில் வேறு பல இடங்களிலும் நிழல் மரங்களை அகற்றி, நெருக்கமாக நட்டு, உரத்தைக் கொட்டி விளைச்சலைப் பெருக்கினார்கள். நம் ஊரில் அப்படி எளிதில் செய்ய முடியாது. மழை நின்ற பிறகு வரும் நீண்ட வறட்சியும், வெயில் படும் தண்டைத் தேடிப் பிடிக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆனால் நிழல் என்று எல்லாரும் சொல்வது ஒரே நிழல் அல்ல. காட்டு மரங்களை விற்றுவிட்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கை மட்டும் கம்பம் நட்டதுபோல நட்டு வைத்திருக்கும் தோட்டமும் நிழல் தோட்டம் என்றே அழைக்கப்படுகிறது. பலாவும் கல்யாண முருங்கையும் ஆரஞ்சும் மலைவாழையும், மரத்துக்கு மரம் ஏறிய மிளகுக் கொடியுமாக நிற்கும் தோட்டமும் நிழல் தோட்டம்தான். இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்தால், இரண்டாமவர் எதற்காக மரத்தை விட்டுவைக்க வேண்டும்? நான் வாங்குவது இரண்டாமவரிடம். அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், அது கூடுதல் விலை அல்ல.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அருகில் இருக்கிறது அந்தத் தோட்டம். நான் அங்கே போனபோது பழம் பறிக்கும் காலம். ஒரே கொப்பில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் காய்கள் நெருக்கியிருக்க, சிவந்ததை மட்டும் திருகி எடுத்து இடுப்புச் சாக்கில் போட்டுக்கொண்டே நகர்ந்தார்கள். மற்றவை பழுப்பதற்கேற்ப அதே செடிக்கு அவர்கள் மறுபடி மறுபடி வர வேண்டும். நான் கேட்காமலேயே ஓர் அம்மா ஒரு பழத்தைப் பிதுக்கி, வழுவழுப்பாக வெளியே வந்த இரண்டு கொட்டைகளையும் என் உள்ளங்கையில் வைத்து, சப்பிப் பார்க்கச் சொன்னார். லேசான இனிப்பு, காபியின் வாசனை துளியும் கிடையாது. "மரம் நிக்கிற தோட்டமின்னா நெழல்ல நின்னு பறிச்சுக்கிருவோம் தாயி. வெட்டுன தோட்டத்துல மத்தியானத்துக்கு மேல மண்டை காஞ்சிரும்" என்றார். நிழலில் வளர்ந்த காபி என்று எழுதியபோது செடிக்கு மேலிருக்கும் நிழலைப் பற்றியே நான் யோசித்திருந்தேன். அந்த நிழலில் மனிதர்களும் நிற்கிறார்கள் என்பதை அவர்தான் சொன்னார். எங்கள் நண்பர் கண்டுபிடித்த "வெயிலில் வளர்ந்த கொழுப்பு" யாருடைய தலையில் காய்கிறது என்று அவருக்கு இப்போதாவது விளங்கினால் நல்லது.

விலைக்கணக்குப் பார்ப்போம், ஏனென்றால் "கிலோ 1,200 ரூபாயா!" என்ற வியப்புக் குறிகள்தான் அதிகம். ஒரு டம்ளர் காபிக்கு ஏறத்தாழ 10 கிராம் தூள் பிடிக்கும். ஆக டம்ளருக்கு 12 ரூபாய்த் தூள். பாலையும் சர்க்கரையையும் சேர்த்தாலும் தெருமுனைக் கடைக் காபியின் விலையைத் தொட்டு நிற்கும், அவ்வளவுதான். வணிக வளாகத்தில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து 300 ரூபாய்க்கு நுரையைக் குடித்துவிட்டு, அந்தக் கோப்பையைப் படம் பிடித்துப் போடுபவர்களை யாரும் கொழுப்பெடுத்தவர்கள் என்று சொல்வதில்லை. அது வாழ்க்கையைக் கொண்டாடுவதாம். வீட்டில் 12 ரூபாய்க்குக் காபி போட்டுக் குடிக்கும் நான்தான் மேட்டிமைக்காரி. அந்த 1,200 ரூபாய் எங்கே போகிறது என்றும் பாருங்கள். சுமார் 6 கிலோ பழத்தைப் பறித்தால்தான் 1 கிலோ பச்சைக் கொட்டை தேறும். வறுக்கும்போது அதிலும் ஆறில் ஒரு பங்கு எடை ஆவியாகிவிடும். மழைக்கு முன் ஆள் ஏற்றி நிழல் மரங்களைக் கவாத்து செய்ய வேண்டும். பூச்சிமருந்து அடிக்காத தோட்டமென்றால், தேங்காய் நார் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, துளைப்பான் முட்டை வைக்கும் பட்டையைத் தேய்த்து வழவழப்பாக்கி, சுண்ணாம்பு நீர் பூச வேண்டும். அப்படியும் புழு ஏறிய செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும். இயற்கை முறைச் சான்றிதழ் வேண்டுமானால், காபி போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ரசாயனத்தை விட்டு மாறும் காலம் மூன்று ஆண்டுகள். அதுவரை விளைச்சல் குறையும், விலையோ சாதாரணக் காபியின் விலைதான். இத்தனைக்கும் பிறகு அந்தத் தூளைப் பாதி விலைக்குக் கேட்பதற்குப் பெயர் சிக்கனமா?

"நியாய வணிகம் (ஃபேர்டிரேட்) என்பதே ஒரு வியாபார முத்திரைதான்" என்று ஆங்கிலக் கட்டுரை இணைப்புகளோடு வந்தவருக்கும் பதில் சொல்ல வேண்டும். 1988இல் மெக்சிக்கோவின் ஓஹாகா மலை விவசாயிகளுடைய காபிக்காக நெதர்லாந்தில் தொடங்கிய முத்திரை அது. கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காபிக்கு ஒரு பவுண்டு எடைக்கு 1.80 டாலர் குறைந்தபட்ச விலை, அதற்கு மேல் விவசாயிகளின் கூட்டுறவுக்கு 20 சென்ட், இயற்கை முறையில் விளைந்ததென்றால் மேலும் 40 சென்ட் என்பது 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கணக்கு. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் விலை 4 டாலரைத் தாண்டியபோது இந்தக் குறைந்தபட்ச விலைக்கு வேலையே இருக்கவில்லை என்கிறீர்கள். சரி. 2001இல் அதே விலை 50 சென்ட்டுக்குக் கீழே விழுந்தபோது? விழும்போது பிடிப்பதற்குத்தானே அந்த ஏற்பாடு. முத்திரை பெற்ற கூட்டுறவுகளிலும் கூலிக்குப் பறிக்க வருபவருக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்ற கேள்வி நியாயமானது. அதை நான் மறுக்கவில்லை. நான் வாங்குபவரிடம் அந்த முத்திரையே கிடையாது. சில ஏக்கர் வைத்திருப்பவர், காகிதத்துக்குச் செலவழிக்க வசதி இல்லாதவர், விலையை அவர் சொல்கிறார், நான் கொடுக்கிறேன். "முத்திரை இருந்தால் மோசடி, இல்லாவிட்டால் ஆதாரம் எங்கே" என்று இரண்டு பக்கமும் பூட்டிவிட்டு உள்ளே வரச் சொல்பவர்களிடம் மேற்கொண்டு பேச எனக்கு ஒன்றுமில்லை.

ஒரே ஓர் எதிர்ப்பை மட்டும் என்னால் அப்படி ஒதுக்க முடியவில்லை. ஃபில்டர் காபியின் பெருமை பேசுவதே சாதிப் பெருமை பேசுவதுதான் என்று ஒரு தோழர் எழுதியிருந்தார். 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையிலிருந்த "பிராமணாள்" என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் இயக்கத்தினர் மறியல் செய்து சிறை போன ஊர் இது. கடைகளில் இரட்டைக் குவளை வைத்த ஊர்களும் இருந்தன. காபி டம்ளரில் சாதி இருந்தது, இல்லையென்று சொல்ல நான் யார்? ஆனால், தோழரே, யார் கலந்தார்கள், எந்த வீட்டுப் பக்குவம் என்றெல்லாம் பெருமை பேசியவர்கள் யார் பறித்தார்கள் என்று மட்டும் கேட்டதே இல்லை. நான் எழுதிய ஒற்றை வரி அதைத்தான் கேட்டது.

இனி, நான் ஏன் அதைக் குடிக்கிறேன் என்று. ருசியாக இருக்கிறது, அதனால் குடிக்கிறேன். இதைச் சொல்வதற்கு ஏன் இத்தனை தயக்கம் என்று எனக்கே வியப்பாக இருக்கிறது. சிக்கரி சேர்க்காத தூள் ஃபில்டரில் சீக்கிரம் இறங்கிவிடும். ஆகவே சற்று நைசாக அரைத்து, ஃபில்டரின் குடைத் தட்டை வைத்து அழுத்தி, கொதி அடங்கிய வெந்நீரைச் சுற்றி ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். டிகாக்ஷன் கறுப்பாக இருக்காது, செம்பட்டையாகத்தான் இருக்கும். காபி-சிக்கரி கலவையில் 51 சதவீதம் காபி இருந்தால் போதும் என்று சட்டம் அனுமதிக்கும் நாட்டில், அந்தக் கறுப்புக்குப் பழகிய நாக்கு இதைத் தண்ணீர்க் காபி என்றுதான் சொல்லும். சொல்லட்டும்.

எங்கள் வீட்டில் முதல் டிகாக்ஷன் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் விருந்தாளிக்கும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கிய இரண்டாம் டிகாக்ஷன் அம்மாவுக்கும் அத்தைக்கும். அதையும் நின்றுகொண்டே, அடுப்பைப் பார்த்தபடியே குடிப்பார்கள். இதே ஏற்பாட்டில் நானும் புகுந்த வீட்டில் பல வருடங்கள் ஓட்டியிருக்கிறேன். அப்போது யாரும் என்னைக் கொழுப்பெடுத்தவள் என்று சொன்னதில்லை. இப்போது என் சம்பளத்தில், என் விருப்பத்துக்கு ஒரு தூள் வாங்கி, முதல் டிகாக்ஷனை எனக்கே ஊற்றிக்கொண்டு, உட்கார்ந்து குடித்து, அதைப் படமும் எடுத்துப் போட்டேன். உங்களை உறுத்தியது விலைதானா, உண்மையாகவே?

இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு. ஏனென்றால் அந்த வாக்கியத்தை எழுதிய நண்பர் போன பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, இதே காபியைக் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கிடைக்குமா என்று கேட்டவர். அன்றைக்கு நிழலைப் பற்றியோ விலையைப் பற்றியோ நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமல் கொடுத்தால் நல்ல காபி. சொல்லிவிட்டுக் குடித்தால் கொழுப்பு. மன்னிப்பெல்லாம் வேண்டாம், அந்தப் பதிவை நீக்க வேண்டியதும் இல்லை, இருக்கட்டும்.

சிரிப்புக் குறியையும் போட்டுவிட்டு உள்பெட்டியில் தோட்டக்காரரின் விலாசத்தையும் கேட்டிருக்கும் சிலருக்கு: இந்த ஆண்டுக் கொட்டை அவரிடம் தீர்ந்துவிட்டது. கார்த்திகையில் பறிக்கத் தொடங்கினால் தை வரைக்கும் இழுக்கும். காய்ந்து, தோல் நீக்கி, வறுத்து வர மாசி, பங்குனி ஆகிவிடும். அப்போது கேளுங்கள், தருகிறேன். விலையைக் குறைக்கச் சொல்லியோ சிக்கரி கலக்கச் சொல்லியோ அவரிடம் பேசாதீர்கள். என்னைப் போல் இத்தனை பத்திகளில் அல்ல, ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவார்.