மலையேறிய முன்பணமும் பாசல் நகரத்துக் கணக்கும்

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்த என் தாய்மாமாவிடம் நீளவாக்கில் மடித்த பற்று நோட்டு ஒன்று இருந்தது. எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில், குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் அப்பால் உள்ள தோட்டக்காரர்களுக்குக் காய் எடுக்கும் முன்பே அவர் கொடுத்த பணம், பெயர்வாரியாக அதில் எழுதப்பட்டிருக்கும். தொகைக்குப் பக்கத்தில் திருப்பித் தரவேண்டிய கெடுவும் இருக்கும். புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட 2019இல் அந்த நோட்டில் தொகைகள் கூடிக்கொண்டுதான் போயின. ஆனால், ‘பருவம் முடிய’ என்று எழுதும் வழக்கமுடைய மாமா அந்த ஆண்டு ‘20 நாள்’ என்று எழுதத் தொடங்கியிருந்ததை நான் பிற்பாடுதான் கவனித்தேன். விலை சரிந்தது அதற்குப் பிறகு.

நாடு விட்டு நாடு வங்கிகள் கொடுக்கும் கடனைப் பொருளாதாரத்தின் நாடியாகப் பார்க்கவேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம், நண்பர்கள் எவ்வளவு என்று கேட்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கடன்களைத் திரட்டிக் காலாண்டுதோறும் வெளியிடுவது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1930 முதல் இயங்கும் பன்னாட்டுத் தீர்வு வங்கி. அது இரண்டு விதமாகக் கணக்கிடுகிறது: ஒன்று, கடன் கொடுத்த கிளை எந்த நாட்டில் இருக்கிறது என்று பார்க்கும், மற்றொன்று, அந்த வங்கியின் தலைமையகம் எந்த நாட்டில் இருக்கிறது என்று பார்க்கும். மாநில எல்லையையே நாட்டெல்லையாக எண்ணிக்கொண்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு வங்கியின் கம்பம் கிளை வண்டன்மேட்டுத் தோட்டக்காரர் ஒருவருக்குக் கடன் கொடுத்தால், முதல் கணக்கில் அது எல்லை தாண்டிய கடன். இரண்டாவது கணக்கில் கேரளத்து வங்கி கேரளத்துக்காரருக்குக் கொடுத்த கடன். ஜப்பானிய வங்கியின் ஹாங்காங் கிளை தாய்லாந்துக்குக் கொடுத்த கடனும் இப்படித்தான் இரு முகம் காட்டும். நட்டம் வந்தால் யார் தலையில் விடியும் என்று அறிய இரண்டாவது கணக்கைத்தான் புரட்டவேண்டும்.

தவணையின் முக்கியத்துவத்துக்கு 1997இன் ஆசிய நிதி நெருக்கடியை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் தென்கொரியா வெளிநாட்டு வங்கிகளுக்கு ஓராண்டுக்குள் திருப்பவேண்டிய கடன் சுமார் 7,000 கோடி டாலர். கையிருப்பில் இருந்த அந்நியச் செலாவணியோ சுமார் 3,400 கோடி டாலர். தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் குறுகிய காலக் கடன் கையிருப்பை விஞ்சியே நின்றது. வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்தாலே கவிழ்ந்துவிடும் என்ற நிலையில் மூன்று நாடுகளும் இருந்தன, வங்கிகளும் மறுத்தன. கொடுமை என்னவென்றால், தவணைவாரியான அந்தக் கணக்கு அப்போது அரையாண்டுக்கு ஒருமுறைதான் திரட்டப்பட்டது. அது அச்சேறி வருவதற்குள் தீ கூரையைப் பிடித்துவிட்டது. இன்று காலாண்டுக் கணக்கே கிடைக்கிறது என்றாலும், அதுவும் சில மாதங்கள் பிந்தியே வருகிறது.

எண் ஏறினால் நம்பிக்கை பெருகிவிட்டது என்று படிப்பதும் தவறு. 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியதை அடுத்து, வெளிநாடுவாழ் இந்தியர்கள் வெளிநாட்டு நாணயத்திலேயே வைக்கும் எஃப்.சி.என்.ஆர். வைப்புகளை வங்கிகள் ஆண்டுக்கு 3.5 சதவீதச் செலவில் ரூபாயாக மாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கி செப்டம்பரில் சலுகைச் சாளரம் திறந்தது. நவம்பருக்குள் சுமார் 2,600 கோடி டாலர் அந்த வைப்புகளாக வந்து சேர்ந்தது. அப்போது கட்டப்பனையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்த எனக்கு, துபாய்க்காரர் ஒருவர் தொலைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினார்: கைக்காசு ஒரு பங்கு, அங்குள்ள வங்கி தரும் கடன் பல பங்கு, இரண்டையும் சேர்த்து இங்கே வைப்பு. வெளிநாட்டு வங்கிக் கடனே பெருமளவில் வெளிநாடுவாழ் இந்தியர்களின் சேமிப்பு என்ற வேடத்தில் வந்தது. மூன்றாண்டுத் தவணை முடிந்து 2016இன் பிற்பகுதியில் திரும்பியும் போனது. நம் நாட்டின் வைப்புக் கணக்கை மட்டும் பார்த்தவருக்கு இந்த வேடம் புலப்பட்டிருக்காது.

ஆகவே புதிய அட்டவணை வெளியாகும் நாளில் நான் முதலில் திறப்பது, ஓராண்டுக்குள் முதிரும் கடனின் பங்கைத்தான். அதற்கு எதிரே அதே காலாண்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பை எழுதிக்கொள்வேன். மொத்தத் தொகையைப் பார்ப்பது அதற்கும் பிறகு. யூரோவும் யென்னும் இறங்கினாலே டாலர் கணக்கில் கடன் சுருங்கியதுபோல் தோன்றும் என்பதால், நாணய மாற்று விளைவை நீக்கிய பத்தியில்தான் அதையும் பார்க்கிறேன்.